சிந்தடிக் ஆயில் எந்த வண்டிக்கு? வேலூர் ஓட்டத்தில் தெரிந்துகொண்டவை

கத்திரி வெயில் தொடங்கியதும், வேலூரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களிடம் நண்பர்களும் உறவினர்களும் ஒரே கேள்வியோடு வருவார்கள். கார் இன்ஜினுக்குச் சாதாரண ஆயிலை விட்டுவிட்டு சிந்தடிக் ஆயில் போடலாமா, விலை ஒன்றரை மடங்கு இரண்டு மடங்கு என்கிறார்களே, அதற்கு ஏற்ற பலன் உண்டா? நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன். உங்கள் கார் ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது? இதற்கு விடை தெரிந்தால் பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதி காரோடு வந்த கையேட்டில் அச்சாகி இருக்கிறது. அதைத்தான் பலரும் பிரிப்பதே இல்லை.

என்னிடம் இருப்பவை மூன்று கார்கள். ஒன்று பழைய 800 சிசி பெட்ரோல் கார். வீட்டுக்கானது. சத்துவாச்சாரியிலிருந்து பள்ளிக்கூடம், காய்கறி மார்க்கெட், மாமியார் வீடு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடுவதும் அணைப்பதுமாக அதன் பிழைப்பு போகிறது. இரண்டாவது டீசல் டிசையர். சென்னை விமான நிலையம், பெங்களூரு, சித்தூர் வழியாகத் திருப்பதி என்று நெடுஞ்சாலையிலேயே வாழும் வண்டி. மூன்றாவது புதிய ஏழு இருக்கை பெட்ரோல் வண்டி. காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கும் நோயாளிகளையும் உடன் வருபவர்களையும் சிஎம்சிக்கு அழைத்துப் போவது, அவர்கள் விரும்பினால் ஸ்ரீபுரம் பொற்கோயிலைக் காட்டி வருவது அதன் வேலை. மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் அவர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்வரை வண்டி காத்திருக்க வேண்டும். உள்ளே வயதானவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் வெளியே 41 டிகிரி வெயிலில் ஏசியை அணைக்க மனம் வராது.

காகிதப்பட்டறைப் பக்கம் ஒரு வர்க்‌ஷாப் இருக்கிறது. அங்கே இருக்கும் பாய் எனக்குத் தெரிந்து கார்களின் அடிவயிற்றைப் பார்த்தே காலம் கழித்தவர். இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றிப் பழைய ஆயில் தட்டில் விழும்போது அவர் நிறத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகு செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு வைப்பார். டிசையரிலிருந்து இறங்கிய ஆயில் மை போலக் கறுத்திருந்தாலும் விரலில் வழுவழுப்பு இருக்கும். தாளில் விட்ட சொட்டு நடுவில் கறுப்பாகவும், வெளியே போகப் போக வெளிறியும் பரவும். வீட்டுக் கார் அந்தத் தூரத்தில் கால் பங்குகூட ஓடியிருக்காது. ஆனால் அதன் ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கும், விரலில் தண்ணீராக ஓடும். "இதுதான் தம்பி கெட்ட ஆயில். அந்தக் கறுப்பு ஆயில் நல்லபடியாக உழைத்து வந்திருக்கிறது" என்று பாய் சொல்வார்.

காரணம் எளிமையானது. இன்ஜின் சூடாகும் முன்பே அணைத்துவிட்டால், முழுதாக எரியாத பெட்ரோலும் எரிதலில் உண்டாகும் நீராவியும் பிஸ்டன் ரிங் ஓரமாகக் கசிந்து ஆயிலில் இறங்குகின்றன. ஆயில் நன்றாகச் சூடேறி அப்படியே அரை மணி நேரம் ஓடினால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அதற்கு வாய்ப்பே இல்லை. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பாவது வேறு கதை. புகைக்கரியைக் கட்டியாகச் சேரவிடாமல் ஆயில் தன்னோடு சுமந்து வருவதால் வரும் நிறம் அது. மாற்றிய ஓரிரு நாளிலேயே டீசல் ஆயில் கறுத்துவிடும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

மூன்றாவது வண்டிதான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. அதன் மீட்டரில் கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் கிரீன் சர்க்கிள் நெரிசலிலும் மருத்துவமனை வாசலிலும் இன்ஜின் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் காற்று வீசாது, ரேடியேட்டர் விசிறியை நம்பியே வண்டி நிற்கும், ஏசி கம்ப்ரஸரின் சுமை வேறு. ஆயிலுக்குக் கிலோமீட்டர் தெரியாது. எத்தனை நேரம், எத்தனை சூட்டில் கொதித்தோம் என்பதுதான் அதற்குத் தெரியும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயில் காற்றோடு சேர்ந்து கெடும் வேகம் தோராயமாக இரு மடங்காகும் என்பது எண்ணெய்த் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. இங்கேதான் சிந்தடிக் ஆயில் தன் விலைக்குப் பதில் சொல்கிறது.

சாதாரண ஆயில், அதாவது மினரல் ஆயில், பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயை வடித்துச் சுத்திகரித்தது. எவ்வளவு சுத்திகரித்தாலும் அதில் சிறியதும் பெரியதுமாகப் பல அளவு மூலக்கூறுகள் கலந்தே இருக்கும், கொஞ்சம் மெழுகும் கந்தகமும் மிஞ்சும். சிறிய மூலக்கூறுகள் சூட்டில் முதலில் ஆவியாகிப் போகும், மிச்சம் இருப்பது கெட்டியாகும். சிந்தடிக்கில் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்திருப்பதால் அந்த இழப்பு குறைகிறது. இதை அளக்க நோவாக் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியானது என்று பார்ப்பார்கள். இன்றைய பெட்ரோல் கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் இது 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தர வரம்பு. பல நல்ல சிந்தடிக் ஆயில்கள் அதைவிட நன்றாகவே கீழே நிற்கின்றன. கசிவே இல்லாத வண்டியில் ஆயில் எங்கே போகிறது என்று குழம்புகிறவர்கள் இந்த ஆவியாதலையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஏபிஐ எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டும் மினரல். மூன்றாவது, கச்சா எண்ணெயிலிருந்தே வந்தாலும் ஹைட்ரஜன் கொண்டு மிகக் கடுமையாக மாற்றி அமைக்கப்பட்டது. நான்காவது பிஏஓ, ரசாயன முறையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டப்பட்டது. ஐந்தாவதில் எஸ்டர் போன்ற மற்றவை அடங்கும். மூன்றாம் பிரிவை சிந்தடிக் என்று சொல்லி விற்கலாமா என்று மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் மீது புகார் எழுப்பி, 1999-இல் அமெரிக்காவின் விளம்பரத் தணிக்கை அமைப்பு சொல்லலாம் என்று காஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவு செய்தது. அதன் பிறகு கடை அலமாரியில் "முழு சிந்தடிக்" என்று நிற்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவைதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பது என் கருத்து, நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் "செமி சிந்தடிக்" என்ற எழுத்தைக் கண்டால் நான் கொஞ்சம் தயங்குவேன். எத்தனை பங்கு சிந்தடிக் கலந்திருக்கிறது என்று பெரும்பாலான டப்பாக்களில் எழுதியிருக்காது.

நம் ஊரில் வேரூன்றிய ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "வேலூர் வெயில் ஊர், கெட்டியான ஆயில்தான் தாங்கும்" என்று சொல்லி எந்தக் கார் வந்தாலும் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. அம்பாசடர் காலத்தில் அது சரியான பேச்சு. இன்றைய இன்ஜினில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. குளிர்விக்கும் நீர் 90 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வெளியே 25 டிகிரியோ 42 டிகிரியோ, சீராக ஓடும் இன்ஜினின் ஆயில் 100 டிகிரிக்கு முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும். வெயில் தொல்லை கொடுப்பது நின்றபடி ஓடும்போதும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையோடு ஏறும்போதும்தான். அந்த நேரத்தில் நமக்கு வேண்டியது சூட்டில் கெடாத ஆயில். கெட்டியான ஆயில் என்பது அதற்கு மாற்று ஆகாது.

டப்பாவில் கிரேடு 5டபிள்யூ-30 என்று இருந்தால், டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிர்ந்த நிலையில் எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டுகிறது, பின்னால் இருப்பது 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பதை. 5டபிள்யூ என்றால் உறைபனிக்கும் கீழே 30 டிகிரியில் இன்ஜின் சுழலும் அளவுக்கு இளகி இருக்க வேண்டும். வேலூர் மார்கழிக்கு அது தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் 40 டிகிரியில், அதாவது நம் மே மாத நண்பகலில், 5டபிள்யூ-30 ஆயிலின் கெட்டித்தன்மை 60, 70 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) அளவில் இருந்தால் 20டபிள்யூ-50 அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காலையில் சாவியைத் திருகிய முதல் சில விநாடிகளில் ஆயில் மேலே, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் வரை ஏறியாக வேண்டும். நம் ஊர் "குளிரிலும்" அந்த வேறுபாடு உண்மையானது. புதிய இன்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதும் ஆயில் அழுத்தம்தான். அவற்றின் மெல்லிய துளைகளைக் கணக்கிட்டே கையேட்டில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று எழுதுகிறார்கள். 0டபிள்யூ-20 போன்ற ஆயிலைப் பழைய மினரல் எண்ணெயில் தயாரிக்கவே முடியாது. ஆகவே கையேடு அதைக் கேட்டால் சிந்தடிக்கா சாதாரணமா என்ற விவாதமே இல்லை.

சரி, என் மூன்று வண்டிகளுக்கும் என்ன ஊற்றுகிறேன்?

வீட்டுக் காருக்குக் கையேடு அனுமதிக்கும் நல்ல மினரல் ஆயில் போதும். கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுகிறேன். பெட்ரோல் கலந்து கெடும் ஆயிலுக்கு விலை ஒரு பொருட்டே இல்லை, சிந்தடிக்கும் அதே பெட்ரோலில்தான் நனையும். சிறு ஓட்டக் காருக்கு விலை உயர்ந்த ஆயிலை ஊற்றிவிட்டு இரண்டு வருடம் மறந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரை ஆற்காடு வரை ஓட்டிக்கொண்டு போய் மக்கன் பேடா வாங்கி வருவோம். பிள்ளைகளுக்கு இனிப்பு, இன்ஜினுக்கு ஒரு நல்ல சூடு.

டிசையருக்கு முழு சிந்தடிக். அதில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருக்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது, அதைத் தாங்குவதும் குளிர்விப்பதும் ஆயில்தான். வாலாஜாவிலிருந்து ஒரே மூச்சில் வந்து டீக்கடை வாசலில் சட்டென்று இன்ஜினை அணைத்தால், சுழற்சி நின்ற ஆயில் அந்தச் சூட்டிலேயே வெந்து கரியாகப் படியும். அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐடிலில், அதாவது நின்றபடியே ஓட, விட வேண்டும் என்பது என் ஓட்டுநர்களிடம் நான் சொல்லிக்கொண்டே இருக்கும் பாடம். சிந்தடிக் இந்தத் தவறைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், முழுவதும் மன்னிக்காது. செலவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 3 லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் லிட்டருக்கு 300 ரூபாய் கூடுதல் என்றாலும் ஒரு மாற்றத்துக்கு 900 ரூபாய். 10,000 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 9 பைசா. 90 ரூபாயைத் தாண்டிய டீசலில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைக்கும் வண்டிக்கு டீசலே நாலரை ரூபாய் ஆகிறது. டர்போ போனால் வரும் செலவோடு இந்த 9 பைசாவை ஒப்பிடவே தேவையில்லை.

மருத்துவமனை வண்டிக்கும் சிந்தடிக்தான், கையேடு சொன்ன அதே கிரேடில். ஆனால் கையேட்டில் உள்ள 10,000 கிலோமீட்டர் வரை இழுப்பதில்லை. கையேட்டின் பின்பக்கங்களில் "கடுமையான பயன்பாடு" என்று ஒரு அட்டவணை இருக்கும். நெரிசல், நீண்ட ஐடில், தூசி, குறுகிய ஓட்டம் ஆகியவற்றுக்கு இடைவெளி பாதியாகக்கூட இருக்கலாம். வேலூர் நகரத்துக்குள் ஓடும் வாடகை வண்டி எல்லாமே அந்த அட்டவணையைச் சேர்ந்தவை என்பேன். சிந்தடிக் போட்டால் 20,000 வரை தொட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆயில் தாங்கினாலும் அதனுள் கலந்த அழுக்கும் ஃபில்டரும் தாங்காது. மைலேஜ் எகிறும் என்பதும் அப்படித்தான். கெட்டியான ஆயிலிலிருந்து மெல்லியதற்கு மாறினால் சிறிது மிச்சமாகும். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் எல்லாம் அதிகரிக்காது.

கிரேடைப் பார்த்துவிட்டுப் பலர் தர எழுத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பெட்ரோல் ஆயில்களுக்கு ஏபிஐ தரம் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல். எழுத்து பிந்தியது என்றால் தரம் புதியது. டீசலுக்கு சிஎச்-4, சிஐ-4 என்று வரும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி சேர்ந்துவிட்டது. சாதாரண டீசல் ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்மானங்கள் எரிந்து சாம்பலாகி அந்த வடிகட்டியை அடைத்துவிடும். அந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் வேண்டும், ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி2 அல்லது சி3 என்று கையேட்டில் எது இருக்கிறதோ அது. இங்கே தவறினால் சிந்தடிக் என்ற பெயர் காப்பாற்றாது.

என் மைத்துனர் குடியாத்தத்திலிருந்து போன் செய்து, "மாமா, பத்து வருடமாக மினரல் போட்ட காருக்கு சிந்தடிக் மாற்றினால் லீக் ஆகுமாமே" என்று கேட்டார். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினுக்கு எதுவும் ஆகாது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும், அவசரத்துக்கு ஒன்றின் மேல் மற்றொன்றை டாப் அப் செய்யலாம், மீண்டும் மினரலுக்கே திரும்பவும் தடை இல்லை. ஆனால் சீல்கள் காய்ந்து, அழுக்குப் படிந்தே கசிவு அடைபட்டிருக்கும் பழைய இன்ஜினில், புதிய ஆயில் அந்த அழுக்கைக் கரைத்ததும் ஓட்டை வெளிப்படும். ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கும் சிந்தடிக் வீண். ரிங்கும் வால்வு சீலும் மாற்ற வேண்டிய வேலையை ஆயில் டப்பா செய்யாது.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது லூஸ் ஆயிலையும் போலியையும்தான். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுவதில் என்ன இருக்கிறது என்பது ஊற்றுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். பாயின் வர்க்‌ஷாப்பில் ஒரு வேனின் இன்ஜின் மேல்மூடியான டேப்பெட் கவரைக் கழற்றியபோது கேம் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கருங்கீல் அப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் திரளாக வந்தது. ஆயில் மேலே ஏறும் துளைகள் மூடிக் கிடந்தன. அந்த வேனின் உரிமையாளர் ஆயிலைத் தவறாமல் மாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எங்கே மலிவோ அங்கே. பெட்ரோல் பங்கிலோ நிறுவனத்தின் விற்பனையாளரிடமோ சீல் உடையாத டப்பாவை ரசீதோடு வாங்குங்கள். மூடிக்குள் இருக்கும் படலத்தை நீங்களே கிழியுங்கள், தயாரித்த மாதத்தைப் பாருங்கள். தீர்ந்த டப்பாவை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடாமல் கத்தியால் அறுத்துவிடுங்கள். போலி ஆயிலுக்கு உறை கிடைப்பது நம் குப்பையிலிருந்துதான்.

மாற்றும்போது ஃபில்டரும் கூடவே போக வேண்டும், டிரெய்ன் போல்ட்டின் வாஷரும். சில ரூபாய் வாஷரை மிச்சம் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஆயிலை இழப்பது வேண்டாத வேலை. பிறகு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி நுழைத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்தால் போதும். "கூட இருக்கட்டும்" என்று மேல் குறியைத் தாண்டி ஊற்றினால் இன்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை எதையும் மசகிடாது.

மிச்சமான கார் ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து கிடக்கிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்த்த பொருள்களால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருப்பதே பைக்குக்கு உரியது.

இறக்கிய பழைய ஆயிலைப் பற்றியும் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. கரையான் வராமல் இருக்க மரத்தில் பூசுவார்கள், கான்கிரீட் ஒட்டாமல் இருக்க சென்ட்ரிங் பலகையில் தடவுவார்கள், எதுவும் இல்லையென்றால் வர்க்‌ஷாப் பின்புறத்து மண்ணில் ஊற்றிவிடுவார்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி இது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்று மணலும் கிணற்று நீரும் பட்ட பாட்டை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் கண்ணால் பார்த்தவர்கள் நாம். அந்த நிலத்தடி நீரில் நம் பங்குக்கு இதையும் சேர்க்கலாமா? இந்த ஆயில் முறைப்படி சுத்திகரித்தால் மீண்டும் நல்ல அடிப்படை எண்ணெயாகக்கூடியது. பாயிடம் நாங்கள் சில வண்டிக்காரர்கள் சேர்ந்து பேசி ஒரு மூடியுள்ள பீப்பாய் வைக்கச் செய்தோம். தண்ணீரோ கூலன்ட்டோ கலக்காமல் அதில் சேர்க்கிறோம், நிறைந்ததும் உரிமம் உள்ள ஆள் வந்து விலை கொடுத்து எடுத்துப் போகிறார். வீட்டில் தாங்களே ஆயில் மாற்றுகிறவர்களும் பழைய டப்பாவில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தால் பாய் வாங்கிக்கொள்கிறார்.